பம்பாய்க்குப் பறந்த சாவி

அத்தியாயம் 6

குற்றவாளி எந்தத் தேசத்துக்குத் தப்பி ஓடினாலும், அவன் அங்கே கால் வைப்பதற்கு முன்பே துப்பறிவாளர் வேதாசலத்தின் மூளை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். மலைகள் அதைத் தடுத்ததில்லை. கடல்கள் அதற்குக் கணுக்கால் ஆழம்.

உடம்புதான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. போக வேண்டிய ஊர் மூன்று மைல் தள்ளியிருக்கும் திருப்புலிவனம். அதற்கு ஏற்கெனவே இரண்டு பஸ்களை விட்டாயிற்று. இரண்டிலும் நிற்க இடம் இருந்தது. ஏன் ஏறவில்லை என்று கேட்டதற்கு, துப்பறிவாளன் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் இறங்கக் கூடாது என்றார்.

"நடந்துருந்தா இந்நேரம் போயி, கேஸை முட்சி, திரும்பி வந்து சோறே துன்னுருக்கலாம் சார்," என்றாள் பாஞ்சாலி.

பாஞ்சாலி அவருடைய உதவியாளர். டைப்ரைட்டிங் லோயர் பாஸ். பஜாரில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் சர்வதேசத் துப்பறியும் நிலையத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கென்று சேர்ந்தாள். அங்கே டைப்ரைட்டர் இல்லாததால் துப்பறிந்துகொண்டிருந்தாள். நிலையத்தின் பெயரில் உள்ள 'சர்வதேச'த்துக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. முதல் கட்சிக்காரரின் மைத்துனர் பினாங்கில் இருந்தார்.

வழக்கு இதுதான். திருப்புலிவனம் அரிசி மில் முதலாளி தாண்டவராயன் போன புதன்கிழமை ஆகாய விமானத்தில் பம்பாய்க்குப் பறந்தார். பம்புசெட்டுக்குப் புத்தம் புதிய டீசல் இஞ்சின் வாங்கிவரத்தான் பயணம். மறுநாள் காலை பம்புசெட் கொட்டகையைத் திறந்தான் கூலியாள் பெருமாள். பழைய இஞ்சின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவனே ஓடிப்போய் ஊரைக் கூட்டினான். பூட்டு உடைபடவில்லை. அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று பெருமாளிடம். மற்றது எந்நேரமும் தாண்டவராயனின் அரைஞாண் கயிற்றில் தொங்குவது. அது அவரோடு பம்பாய்க்குப் பறந்துவிட்டது. ஆகவே திருடன் பெருமாள் என்று ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது.

சனிக்கிழமை புது இஞ்சினோடு வந்து இறங்கிய தாண்டவராயன், பெருமாளை மில் குடோனில் போட்டுப் பூட்டினார். இன்று ஞாயிறு. மாலைப் பஞ்சாயத்தில் பழைய இஞ்சினைக் காட்டாவிட்டால் பெருமாள் போலீசுக்கு. தாண்டவராயன் நிலத்தில் இருக்கும் அவன் குடிசை மண்ணுக்கு.

பெருமாளின் மனைவி சிட்டம்மாள் விடிவதற்குள் சைக்கிள் கடை மாடியேறி வந்துவிட்டாள். அழவில்லை.

"எங்க வூட்டுக்காருகிட்ட சாவி கீதுன்னு புட்ச்சிக்கினு போய்ட்டாங்க," என்றாள். "இன்னொரு சாவி இன்னா பண்ணிச்சுன்னு ஒர்த்தரும் கேக்கல சார்."

வழக்கு முழுவதையும் அவள் அங்கேயே முடித்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் வேதாசலத்துக்கு ஒரு வாக்கியம் போதாது. வானம் வேண்டும்.

வானத்தை அளப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட இந்தியா மேப் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். அதை பஸ் ஸ்டாண்டின் சிமென்ட் பெஞ்சில் விரித்தார். காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மாள் தன் காய்கறிக் கூடையைக் காஷ்மீரின் மேல் இறக்கி வைத்தாள்.

"மீனம்பாக்கத்தில் ஏறினால் பம்பாயில் இறங்க ஒண்ணே முக்கால் மணி நேரம்," என்று வேதாசலம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். காலையில் அரிசி மண்டிப் போனிலிருந்து விமான நிலையத்துக்கு டிரங்கால் போட்டு அறிந்த ரகசியம் அது. கால் கிடைக்க அவர் காத்திருந்த நேரத்தில் ஒரு விமானம் பம்பாய் போய்ப் பயணிகளை இறக்கிவிட்டிருக்கும். எத்தனை மைல் என்று கேட்பதற்குள் மூன்று நிமிஷம் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

"மைல் எதுக்கு சார்? அவரேதான் மாட்டுக்காரன், மளிகைக்காரன் ஒர்த்தன் வுடாம எண்ணூறு மைல் பறந்தேன், எண்ணூறு மைல் பறந்தேன்னு சொல்லிக்கினு கீறாரே."

சந்தேகத்துக்கு உள்ளானவன் சொல்லும் தூரத்தை நம்பக் கூடாது என்றார் வேதாசலம். அளக்க நூல் வேண்டும் என்றார். பாஞ்சாலி தலையிலிருந்த கனகாம்பரச் சரத்தை உருவி, ஒரு முனையைச் சென்னையில் வைத்து அழுத்தி, மறுமுனையை பம்பாய் வரைக்கும் நேராக இழுத்தாள். பிறகு மேப்பின் அடியில் இருந்த மைல் கோட்டில் வைத்துப் பார்த்தாள். அறுநூற்று நாற்பது, முன்னே பின்னே.

வேதாசலம் புருவத்தை உயர்த்தினார். அதற்குள் பாஞ்சாலி, யாரும் கேட்காமலே, சரத்தை மேப்பில் கறுப்பாக ஓடிய ரயில் கோட்டின் மேல் வளைத்து வளைத்துப் படுக்க வைத்துக்கொண்டு போனாள். ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், பூனா. திரும்பவும் மைல் கோட்டில் வைத்தாள்.

"எண்ணூறு வந்திச்சி சார். மொதலாளி பறந்த வழியில தண்டவாளம் கீது."

வேறொரு துப்பறிவாளராக இருந்தால் இந்த இடத்தில் வழக்கு முடிந்து, அத்தியாயமும் முடிந்திருக்கும். வேதாசலம் சுருங்கிய கண்களோடு பம்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரம் குறைவு என்றால் நேரம் குறைவு என்று ஆரம்பித்தார். நேரம் குறைவு என்றால் சந்தர்ப்பம் அதிகம். புதன்கிழமை மதியம் தாண்டவராயன் பம்பாய்க்குப் பறக்கிறார். இறங்கிய காலோடு அடுத்த விமானத்தில் மெட்ராசுக்குத் திரும்புகிறார். இருட்டில் திருப்புலிவனம் வந்து, தன் சாவியால் கொட்டகையைத் திறந்து, இஞ்சினை எடுத்துக்கொண்டு மறுபடியும் பம்பாய்க்குப் பறக்கிறார்.

"மூணு டிக்கெட்டு," என்றாள் பாஞ்சாலி. "அந்தக் காசுல மூணு இஞ்சினு வாங்கலாமே சார்? அதுவும் அவரு இஞ்சின அவரே திருடறதுக்கு?"

"அங்கேதான் பாஞ்சாலி அவன் மூளை வேலை செய்யுது. இப்படி ஒருத்தன் செய்வான்னு யாராவது நினைப்பாங்களா?"

யாரும் நினைக்க மாட்டார்கள் என்பதை அவள் ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது பஸ் வந்தது. முன்னால் ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. துப்பறிவாளர் கூட்டத்தோடு கூட்டமாக முண்டியடித்து ஏறிக்கொண்டார்.

*

திருப்புலிவனத்தில் யாரைக் கேட்டாலும் புதன்கிழமை வழியனுப்பைப் பற்றிச் சொல்லத் தயாராக இருந்தார்கள். விமானம் ஏறுகிறவரை வேன் பிடித்துக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் வழியனுப்பாவிட்டால் அவர் ஏறியதாகவே கணக்கில்லை. வேனில் ஊர்ப் பெரிய தெருவே ஏறியது. மாலை இரண்டு, மேளம் ஒரு செட்டு, ஓர் அண்டா புளியோதரை.

அண்டாவுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்ததாம். சந்து விட்ட பலகைகளின் மேல் கிழிசல் சாக்கு சுற்றிக் கயிறு போட்டது. விடியற்காலையில் முதலாளி மில் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு அதை வேனில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு கனமாக இருக்கிறதே என்று அவர்கள் கேட்டதற்கு, உள்ளே துணிமணி என்றாராம். பம்பாயில் குளிர் என்றும் சொன்னாராம்.

வேதாசலம் நோட்டை எடுத்து, 'பம்பாயில் குளிர்' என்று எழுதிக்கொண்டார்.

செங்கல்பட்டில் ஐசக் மெக்கானிக் ஷெட் வாசலில் வேன் நின்றது. சக்கரத்துக்குக் காற்றுப் பிடிக்க வேண்டும் என்று எல்லாரையும் எதிர்க்கடைக்கு டீ குடிக்க அனுப்பினார் முதலாளி. திரும்பி வந்து ஏறியபோது பெட்டி இல்லை, அண்டா தரையில் இருந்தது. பெரிய சாமானெல்லாம் முன்கூட்டியே விமானத்துக்குப் போய்விடும் என்று அவர் விளக்கினார். விஷயம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் உட்கார்ந்துகொண்டார்கள்.

மீனம்பாக்கத்தில் முதலாளியை உள்ளே அனுப்பிவிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் மாடத்துக்கு ஏறினார்கள். ஏறி, விமானத்தைப் பார்த்துக்கொண்டே புளியோதரை சாப்பிட்டார்கள். தூரத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் படியேறினார். ஊரே துண்டை வீசிக் காட்டியது. அவரும் மரியாதைக்குக் கையை ஆட்டினார்.

சிட்டம்மாளின் தெருவில் யாரையும் வேனுக்கு அழைக்கவில்லை. இடம் இல்லையாம். மிஞ்சிய புளியோதரை மட்டும் மாலையில் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பற்றி சிட்டம்மாள்தான் சொன்னாள்.

"வாயில வெக்க முடியல சார். ஒரே நாத்தம். கேட்டா, ஏரோப்ளான் பக்கத்துல வெச்சி துன்ன சோறு, அந்த வாசன ஏறிக்கிச்சின்னாங்க. எங்க வூட்டுக்காரு சொக்காயும் தெனிக்கும் அதே வாசனதான் அடிக்குது. அவரு இன்னா, தெனம் பறந்துட்டா வர்றாரு?"

வேதாசலம் ஒரு கணம் பெருமாளையே சந்தேகித்தார்.

பாஞ்சாலி மட்டும் சிட்டம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புளியோதரையில் வேர்க்கடலை போட்டிருந்தார்களா என்று கேட்டாள். நிறைய போட்டிருந்தார்கள்.

"வா யக்கா," என்றாள் பாஞ்சாலி. "மில்லுக்குப் போலாம்."

*

மில் களத்தில் நெல் காயப்போடும் சிமென்ட் தரையின் நடுவில் புது இஞ்சின் நின்றது. கிளிப்பச்சை நிறம். கழுத்து என்று சொல்லத்தக்க இடத்தில் ரோஜா மாலை, நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில் சந்தனம். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வீராசாமி நாற்காலியில் இருந்தார். பெருமாள் குடோன் கதவருகே கை கட்டி நின்றான். முந்தின நாளிலிருந்து அவன் தாடையில் முளைத்திருந்த மயிரெல்லாம் அரிசித் தவிடு.

தாண்டவராயன் விமானம் எப்படிப் பறக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். எண்ணூறு மைலும் ஒரு குலுக்கல் இல்லை. மேகம் பஞ்சு மாதிரி ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டதாம், துடைத்துவிட்டாராம். குண்டக்கல்லில் நாஷ்டா கொடுத்தார்கள். இஞ்சினை எப்படிக் கொண்டுவந்தார் என்று வீராசாமி கேட்டார்.

"டாப்புல போட்டுக் கட்டிட்டாங்க," என்றார் தாண்டவராயன்.

யாரும் சந்தேகப்படவில்லை. உத்திரமேரூர் வண்டியில் மூட்டை, ஆடு, கட்டில், மாப்பிள்ளை வீட்டு பீரோ எல்லாம் டாப்பில்தான் போகும். வேதாசலமும் அறிந்தவர்போலத் தலையை ஆட்டினார். கயிறு நிற்குமா என்று அவர் காதில் பாஞ்சாலி கேட்டதற்கு, அதற்கென்று தனிக் கயிறு உண்டு என்றார்.

பிறகு முன்னே போய், கையை உயர்த்தினார். மூன்று பயணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: போனது, வந்தது, மறுபடி போனது. மேப்பை விரித்து ஒன்றே முக்கால் மணி நேரத்தை விரலால் ஓட்டிக் காட்டினார். "இந்தச் சாவி பம்பாய்க்குப் பறந்தது உண்மை," என்று முடித்தார். "ஆனால் இடையில் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போனது."

தாண்டவராயன் சிரித்தார். ஊரும் சிரித்தது.

"இன்னா வேதாசலம், நானு பைத்தியக்காரனா? மூணு வாட்டி எவன்னா பறப்பானா?" என்றவர், வீராசாமியின் பக்கம் திரும்பி, பொழுது சாய்வதற்குள் போலீசுக்கு ஆள் அனுப்பிவிடலாம் என்றார். இரண்டு பேர் பெருமாளின் தோளைப் பிடித்தார்கள். சிட்டம்மாள் பாஞ்சாலி இருந்த பக்கம் பார்த்தாள்.

பாஞ்சாலி குங்குமம் வைக்கும் வரிசையில் இருந்தாள். இஞ்சினின் முன்னால் பக்தியோடு குனிந்து, எண்ணெய் டாங்கிக்கும் அடித்தட்டுக்கும் இடையே இருந்த சந்தில் ஹேர்பின்னை விட்டு எதையோ நெம்பினாள். நிமிர்ந்து, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே தாண்டவராயனிடம் போனாள். அவர் உள்ளங்கையை நீட்டினார். சந்தனத்தோடு அதில் ஒரு பொருள் விழுந்தது.

அது ஒரு வேர்க்கடலை. ஒரு பக்கம் கிளிப்பச்சைப் பெயின்ட். மறுபக்கம் புளிக்காய்ச்சல்.

"பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஐசக்கு நல்லா தொடைக்கல மொதலாளி," என்றாள் அவருக்கு மட்டும் கேட்கும்படி. "அண்டால இருந்து கொட்டினது ஒட்டிக்கினு கீது. இன்னும் ரெண்டு மூணு கீது உள்ள. இப்ப சொல்லுங்க. மூணு வாட்டி பறந்தீங்களா, ஒரு வாட்டி கூட பறக்கலியா? ரெண்டுல ஒண்ணுதான்."

தாண்டவராயன் உள்ளங்கையைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். துண்டு வீசி வழியனுப்பிய பெரிய தெரு முழுவதும் எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பம்பாய் என்று சொல்லிவிட்டு ஐசக் ஷெட்டில் கொசுக்கடியில் படுத்திருந்த நாட்கள் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின.

"அவன் குடிசைய தொட மாட்டேன்னும் சேத்து சொல்லிடுங்க," என்றாள் பாஞ்சாலி.

அவர் விரல்களை மூடிக்கொண்டு எழுந்தார்.

"வேதாசலம் கண்டுபுட்ச்சிட்டாரு," என்றார்.

மூடிய கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு ஊரின் பக்கம் திரும்பினார்.

"மூணு வாட்டிதான். சொன்னா தற்பெருமையா நெனப்பீங்கன்னுதான் நானு வாயத் தொறக்கல. ரெண்டாவது வாட்டி ஏறச்சொல்ல பைலட்டே சிரிச்சாரு, இன்னாங்க மறுபடியுமான்னு. பழைய இஞ்சின குடுத்தா புதுசு தர்றேன்னு பம்பாய்க் கம்பெனில சொன்னான். அதான் வந்து எடுத்துக்கினு போனேன்."

அப்படியானால் பெருமாளை எதற்குப் பூட்டினீர்கள் என்று வீராசாமி கேட்டார். நியாயமான கேள்விதான். மூன்று தடவை பறந்ததில் தலை சுற்றிக்கொண்டு கிடந்ததாகவும், இஞ்சினை எடுத்ததே மறந்துவிட்டதாகவும் தாண்டவராயன் சொன்னார். ஒரு தடவைகூடப் பறக்காத சபை அதை எப்படி மறுக்கும்? தோளைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். பெருமாளின் குடிசைக்கு ஒரு குறையும் வராது என்பதையும் அவர் அதே மூச்சில் அறிவித்தார். பெரிய தெருக்காரர் ஒருவர் ஓடிப்போய் இன்னொரு மாலை வாங்கிவந்தார். ஒரே நாளில் மூன்று தடவை பறந்த ஆள் காஞ்சிபுரத்தில்கூட இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லி பெருமாளைக் கூப்பிட்டார்கள். அவன் தவிட்டைத் துடைத்துக்கொண்டு வந்தான். கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் இருமியது, நின்றது. அவன் பழக்கத்தில் டாங்கியின் இடது பக்கத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். உடனே ஓட ஆரம்பித்தது. தன் கையை ஒரு தரம் பார்த்தான், முதலாளியை ஒரு தரம் பார்த்தான்.

"பம்பாய் இஞ்சினுக்கும் அதே வியாதிதான் மொதலாளி," என்றான்.

தாண்டவராயன் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

களத்தை விட்டு வெளியே வந்ததும், பாஞ்சாலி ஹேர்பின்னால் நெம்பியெடுத்த இரண்டாவது வேர்க்கடலையைச் சிட்டம்மாளிடம் கொடுத்தாள். சிட்டம்மாள் அதை முகர்ந்து பார்த்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். எப்போதாவது முதலாளியின் குரல் உயர்ந்தால், அவர் எதிரே நின்று அந்த முடிச்சைத் தடவினால் போதும் என்று பாஞ்சாலி சொல்லிக்கொடுத்தாள்.

"தடவறேன்," என்றாள் சிட்டம்மாள். "வாரம் ஒரு வாட்டி சும்மாவே தடவறேன்."

பெருமாள் பின்னால் வந்துகொண்டிருந்தான். இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வேதாசலத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நிலையத்தின் போர்டில் 'ஆகாய மார்க்கக் குற்றங்களில் விசேஷ நிபுணர்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், பக்கத்தில் சின்னதாக ஒரு விமானம் வரைய வேண்டும் என்றார். எதிரியே வாயால் ஒப்புக்கொண்ட வழக்கு இது என்றார். பாஞ்சாலி மறுக்கவில்லை. கனகாம்பரச் சரம் போனது போனதுதானா என்று மட்டும் கேட்டாள்.

பஸ் வந்தது. கடைசி வண்டி, விட்டுவிட முடியாது. ஜன்னலோரங்களில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள். வேதாசலம் நடுவில் ஒரு சாக்கு மூட்டைக்கும் கண்டக்டருக்கும் இடையே நின்றுகொண்டு வந்தார்.

மூன்று மைலுக்குள் இரண்டு தடவை வாந்தியெடுத்தார்.